மிளகாய்க் காட்டுல இருந்து டாக்டரைப் பாக்கலாமா?

மாசி, பங்குனியில எங்க பக்கம் ஒரு நாள் வேலைய விடுறது லேசில்ல. குண்டு மிளகாய் பழுத்து நிக்கும், பறிக்க ஆள் கிடைக்காது. சுகர் மாத்திரையும் அந்த நேரம் பாத்துத்தான் தீரும். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனா பஸ்ஸு, சீட்டு, வரிசைன்னு பொழுது போயிரும். "பறிப்பு முடியட்டும்ப்பா, பாத்துக்கலாம்"னு எங்க சித்தி மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் முழுங்குச்சு. கால்ல வந்த சின்னப் புண்ணு ஆற மூணு மாசம் ஆச்சு.

இதுக்கு வழி இல்லாம இல்லை. போன்ல மருந்து சொல்லலாமா கூடாதான்னு முன்னாடி டாக்டர்களுக்கே குழப்பம் இருந்துச்சு. 2020 மார்ச் 25-ல வந்த தொலைமருத்துவ விதிமுறை அதைத் தீத்து வச்சது. பதிவு பெற்ற டாக்டர் நாட்டுல எங்க இருந்தும் நோயாளியைப் பாக்கலாம். நேர்ல ஒருதடவை பாத்த டாக்டர், 6 மாசத்துக்குள்ள அதே நோய்க்கு வீடியோவுலயோ போன்லயோ மருந்தைத் தொடரச் சொல்லலாம். சுகாதாரப் பணியாளர் பக்கத்துல இருந்து உதவலாம். போதை வகை மருந்துகளை மட்டும் இப்படி எழுதக் கூடாது. அடுத்த மாசமே இ-சஞ்சீவனியில வீட்டுல இருந்தே இலவசமா டாக்டரைப் பாக்குற வசதியும் வந்துருச்சு.

அப்புறம் ஏன் சித்திக்கு அது எட்டலை? வீட்டுல இருக்குற ஒரே நல்ல போன் திருப்பூர்ல வேலை பாக்குற மகன் கையில. காட்டுல சிக்னல் வேணும்னா கண்மாய்க் கரைமேல ஏறணும். அதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. அந்த விதிமுறை டாக்டர் போன்ல பாக்கலாம்னு அனுமதி கொடுக்குது. எனக்கு டாக்டரைக் காட்டுன்னு கேக்குற உரிமைய நமக்குக் கொடுக்கலை.

2021 ஆகஸ்டுல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாத்து மாத்திரை கொடுக்குறாங்க. நல்ல திட்டம். வர்றவங்க கையில ஒரு டேப்லெட் இருந்து, அளவு கூடுனா அங்கேயே டாக்டர்கிட்ட பேச வைக்கணும்னு சட்டமே சொன்னா எப்படி இருக்கும்? ராஜஸ்தான் 2023-ல நலவாழ்வு உரிமைச் சட்டம் கொண்டு வந்துச்சு. நம்ம மாநிலமும் அப்படி ஒண்ணு போட்டு, துணை சுகாதார நிலையத்துல வாரத்துக்கு இத்தனை நாள் வீடியோ டாக்டர் கட்டாயம்னு எழுதலாம். திட்டம்னா நிதி இல்லைன்னு நிறுத்திருவாங்க. சட்டம்னா கேள்வி கேக்கலாம்.

ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க. பாம்புக் கடி, நெஞ்சு வலி, பிரசவ வலிக்கெல்லாம் வீடியோ ஆகாது. உடனே 108-க்குத்தான் அடிக்கணும். போன் டாக்டர் வந்துட்டாருன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் இடத்தைக் காலியா வைக்கவும் விடக் கூடாது.

மே 1 கிராம சபைக்கு நாங்க நாலு பேரு இதைத் தீர்மானமா எழுதி வச்சிருக்கோம். உங்க ஊர்லயும் எழுதிக் கொடுங்க.