எது முன், எது பின்?

கதை எழுதுகிறவனுக்கு இயந்திர பாஷையோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கதை மனசுக்கு, வயிற்றுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் பட்ட வெட்கம் ஒன்றைச் சொல்லுகிறேன்.

'ஸி' மொழியில் நாம் எழுதுவதை ஜி.ஸி.ஸி. என்ற கம்பைலர் அசெம்பிளியாக்கித் தரும். வரிக்கு ஒரு வேலை. சிப்புக்குள் ரிஜிஸ்டர் என்ற சிறு பெட்டிகள் உண்டு. ஒரு பெட்டியில் ஐந்தைப் போட வேண்டுமானால், இன்டெல் முறையில் 'மூவ், பெட்டி, ஐந்து' என்று எழுத வேண்டும். யூனிக்ஸோடு வளர்ந்த ஏ.டி. அண்ட் டி. முறையிலோ 'மூவ், ஐந்து, பெட்டி'. எண்ணுக்கு முன் டாலர் குறி, பெட்டிக்கு முன் சதவிகிதக் குறி. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஜி.ஸி.ஸி. இந்த இரண்டாவது முறையில்தான் எழுதும்.

தமிழில், பூனை எலியைப் பிடித்தது என்றாலும், எலியைப் பூனை பிடித்தது என்றாலும் செத்தது எலிதான். 'ஐ' என்ற உருபு காப்பாற்றிவிடுகிறது. அசெம்பிளியில் உருபு ஏது? இடம் மாறினால் பூனை செத்துவிடும்.

நான் இன்டெல் முறையில் வளர்ந்தவன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கும் புரோகிராம் ஒன்றில், புதிதாகச் சேர்ந்த பையன் சில அசெம்பிளி வரிகள் எழுதியிருந்தான். விடை தப்பாக வந்தது. கழித்தல் வரியைப் பார்த்தேன்.

"ஏன் தம்பி, முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழிப்பார்களா, தலைகீழாகக் கழிப்பார்களா?" என்று பத்துப் பேர் நடுவில் இரைந்தேன்.

அவன் சற்றுத் தயங்கினான். "மாற்றிவிடுகிறேன், சார்" என்றான். மாற்றினான். விடை கோடிக்கணக்கில் போய்விட்டது. கழித்த மீதி வேறு பெட்டிக்குப் போக, நாங்கள் பார்த்த பெட்டியில் முடிந்த நேரம் அப்படியே இருந்தது.

எல்லாரும் போனபின் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவன் எழுதியது ஏ.டி. அண்ட் டி. முறை, முதலில் எழுதியதே சரி. தப்பு என்னுடைய ஸி பகுதியில் இருந்தது. டிஸ்கிலிருந்து ஃபைலைப் படிக்கு முன்பே கடிகாரத்தைத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "நேற்று நான் சொன்னது தப்பென்று உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும், சார்."

"பின் ஏன் சொல்லவில்லை?"

"எல்லாரும் இருந்தார்களே, சார்."

நான் காக்காத மானத்தை, அவன் எனக்காகக் காத்திருக்கிறான்! அன்றே அந்தப் பத்துப் பேர் முன்னால் அவன் வரியைப் பழையபடி போட்டு, என் தப்பையும் சொன்னேன்.

சொல்லாமல் விட்ட தப்பு சம்பிரதாயமாகிவிடும். ஏ.டி. அண்ட் டி. வழியில் வந்த பழைய அசெம்பிளர்களில், ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குக்கான சில கழித்தல் வகுத்தல் கட்டளைகள் இடம் மாறிப் புகுந்துவிட்டன. அதை நம்பிப் புரோகிராம்கள் பெருகிவிட்டதால் பிறகு திருத்த முடியவில்லை. ஜி.ஸி.ஸி.யும் அதையே அனுசரிக்கிறது.

இன்டெல் முறையில் கொடு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஜி.ஸி.ஸி. தட்டாமல் கொடுக்கும். எந்த முறையில் எழுதினாய் என்று அந்தப் பையனைக் கேட்கவும் ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.