ஹெட்டிப்பொலையில் ஒரு கப்பல்

ஹெட்டிப்பொலையில் மாத்தளை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கடைசியில் ஒதுங்குவது இந்தத் தேத்தண்ணீர்க் கடையில்தான். நான் உட்கார்ந்திருக்கும் வாங்கின் மறுமுனையில் ஓர் இளைஞன். விடுமுறைக்கு ஊர் வந்த கப்பல்காரன். பக்கத்தில் கடை முதலாளி, தோளில் துவாயோடு. போனைக் குறுக்கே பிடித்து, தான் வேலை செய்யும் உல்லாசக் கப்பலை அவருக்குச் சுற்றிக் காட்டுகிறான். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்.

நீச்சல்குளத்தையோ கண்ணாடி லிஃப்டையோ அவன் காட்டவில்லை. அவனுடைய கப்பல், பணியாளர் மட்டுமே நுழையும் இரும்புக் கதவுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. கதவைத் தாண்டினால் கப்பலின் நீளத்துக்கும் ஓடுகிற ஒரே நடைபாதை. கம்பளம் கிடையாது. தலைக்கு மேலே குழாய்களும் வயர்களும். சாமான் அடுக்கிய தள்ளுவண்டிக்கு வழிவிட்டு ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலை ஒன்றின் பெயரால் அதை ஐ-95 என்பார்களாம்.

"நம்ம ரோட்டவிட நல்லாருக்கு, மாமா."

ரிவஸ்டன் மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்த என் இடுப்பு அதை ஆமோதித்தது.

அடுத்த படம் குசினி. ஒரு பிள்ளை உள்ளே இறங்கி நிற்கலாம் போன்ற அண்டாக்கள். அவற்றுக்கு அப்பால் நீராவி மூடிய மூலை. "இதுதான் என் இடம்." அங்கே அவன் பாத்திரம் கழுவுகிறான்.

முதலாளி அண்டாக்களைப் பார்க்கவில்லை. "இத்தனையும் கழுவ ஏது புத்தா தண்ணி?"

"கடல் தண்ணிதான் மாமா. நாங்களே நல்ல தண்ணியாக்கிக்குவோம்." எஞ்சின் சூட்டிலேயே கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதையும், மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பதையும் கையசைத்து விளக்குகிறான். அமுக்கத்தைக் குறைத்துவிட்டால் நூறு பாகைக்குப் போகாமலே தண்ணீர் கொதிக்கும் என்கிறான். கிழவருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"முறை இல்லையா?"

"எந்நேரமும் வரும்."

மினிப்பே இடதுகரைக் கால்வாயில் தன் வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று பார்த்தே தலை நரைத்த மனிதர். கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு வீடியோ. தட்டுகளில் மிஞ்சியதை ஒருவன் யந்திரத்துக்குள் வழித்துத் தள்ளுகிறான்: சோறு, இறைச்சி, கடித்த கேக். அரைத்துக் கூழாக்கிக் கடலில் விடுவார்களாம். சர்வதேச விதிப்படி, 25 மில்லிமீற்றர் சல்லடைக் கண்ணில் புகும் அளவுக்கு அரைத்ததைக் கரையிலிருந்து 3 கடல் மைலாவது தள்ளித்தான் விடலாம். சில கடல்களில் இன்னும் கண்டிப்பு. பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக்கூடாது.

"சோத்தையா?" என்றார் முதலாளி. பதிலுக்கு நிற்காமல் எழுந்து போய் எனக்கொரு பிளேன்டீ ஊற்றினார்.

அவர் திரும்பியதும் அறையைக் காட்டுகிறான். மேலும் கீழுமாக இரண்டு கட்டில், ஒரு திரை, சன்னல் இல்லை. கடல் மட்டம் தலைக்கு மேலே என்கிறான், பெருமையா புகாரா தெரியவில்லை. 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்பது சட்டம். அதை இரண்டாகப் பிரித்தும் தரலாம், ஒரு பகுதி 6 மணி நேரம் இருந்தால் சரி. 2024இல் ஓடத்தொடங்கிய ஐகான் ஒஃப் த சீஸ் என்ற உல்லாசக் கப்பலில் பணியாளர்கள் மட்டும் ஏறக்குறைய 2,350 பேர். ஒரு சிற்றூர் முழுவதும் இப்படி முறை வைத்துத் தூங்குகிறது.

"திருகோணமலைக்கு ஒண்ணு வந்துச்சே, உன் கப்பல் அதுவா?"

"அது எம்ப்ரஸ். இந்தியாக் கப்பல்."

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்தது அது. இந்தப் பகுதியைத் தொட்டு ஓடும் மகாவலி ஆறும் திருகோணமலைக்குப் பக்கத்தில், கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது.

கடைசிப் படத்தில் குசினி வாசலில் அரைக்கால்சட்டை போட்ட வெள்ளைக்காரர் சிலர், முன்னால் ஓர் அதிகாரி. பயணிகளாம். கப்பலின் உள்வேலையைப் பார்க்கத் தனியாகக் கட்டணம் கட்டி வந்தவர்களாம்.

"நீ பாத்திரம் கழுவுறத பாக்கவா?"

"ஆமா மாமா. கைகூட தட்டினாங்க."

முதலாளி துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவனும் சிரித்தான். சம்பளத்தைக் கேட்டார், சொன்னான். டொலரை ரூபாவாக்கி, ரூபாவை நெல்மூட்டையாக்கிக் கணக்குப் போட்டதில் சிரிப்பு நின்றுபோனது.

"எப்ப போற?"

"அறுவடை முடிஞ்சதும்."

"அப்ப இன்னைக்கு பரண் காவல் உங்க வீடுதானே? அப்பாவால முடியாது. நேத்தும் வஸ்கமுவ காட்டுப் பக்கமிருந்து ரெண்டு யானை வேலியத் தாண்டிருச்சு."

"நான்தான் போறேன். யானைவெடி இருக்கா மாமா?"

"ரெண்டு மிச்சம். வெளிச்சம் இருக்கும்போதே வந்து வாங்கிக்க."