மலைக்குப் பின்னால் ஓர் ஆபீஸ்: அடி அண்ணாமலைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேரம்தான்!

அடி அண்ணாமலையில் சூரியன் கொஞ்சம் தாமதமாகத்தான் முகம் காட்டும். கிழக்கே மலை நிற்கிறதே! திருவண்ணாமலை பெரிய கோயில் பக்கம் வெயில் ஏறிய பிறகும், மலைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் நிழல் கிடக்கும். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தபடி போவார்கள்.

காலை ஆறரை மணி. இங்கே டீக்கடையில் முதல் செட் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரம். சிங்கப்பூரில் அப்போது மணி ஒன்பது. அலுவலகங்கள் திறந்துவிட்டன. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருகிறவருக்கும் அதே நேரத்தில்தான் வேலை தொடங்கும்.

தங்கள் நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகளிலிருந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஆட்களை எடுப்பது இன்று நிறுவனங்களின் புதிய வழக்கமாகிவருகிறது. அந்த வழக்கம் இதுபோன்ற ஊர்களுக்கு என்ன தரும், எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

கிரிவலப் பாதையில் ஒரு பழைய ஊர்

கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். அதில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்குப் போகும் வழியில் வருகிறது அடி அண்ணாமலை. இங்குள்ள ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலின் லிங்கத்தைப் பிரம்மா பிரதிஷ்டை செய்தார் என்கிறது தலபுராணம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடமாகவும் இந்த ஊர் போற்றப்படுகிறது. அவருக்கு இங்கே தனிக்கோயிலும் உண்டு.

வெளிநாட்டினர் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்ல. 1896-ல் இங்கு வந்த ரமணரைப் பற்றி ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934-ல் வெளியானது. அதற்குப் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஆட்கள் ஊருக்கு வருவதை மூன்று தலைமுறையாகப் பார்த்தாயிற்று. வெளிநாட்டு வேலை வீட்டுக்கு வருவதுதான் புதுசு.

இங்கிருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 200. படித்து முடித்த பிள்ளைகள் இந்த இரண்டில் ஒன்றுக்கு பஸ் ஏறுவதுதான் வழக்கம். சம்பளத்தில் பெரும்பங்கு ஹாஸ்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். ஊரில் அப்பா அம்மா தனியாக இருப்பார்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும்தான் வீடு நிறையும்.

கிலோமீட்டர் அல்ல, கடிகாரம்!

ஐ.டி. வேலை என்றாலே அமெரிக்கா என்று பழகிவிட்டோம். நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. அங்கே மாலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது இங்கே விடியற்காலை 4.30. ஊர் தூங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

நிறுவனங்களுக்கும் இதில் சிரமம் உண்டு. இங்கே ஒரு சந்தேகம் வந்தால், பதில் வர மறுநாள் ஆகும். அதனால்தான் அமெரிக்க நிறுவனங்கள் மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளில் ஆள் தேடுகின்றன. மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் போலந்து, ருமேனியா, போர்ச்சுகல் பக்கம் திரும்புகின்றன. சம்பளச் செலவு குறையும், பகல் நேரமும் ஒத்துப்போகும்.

சரி, அடி அண்ணாமலைக்கு எது பக்கத்து நாடு? மேப்பை மூடிவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள்.

* கொழும்பு: நம் நேரமேதான். ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை.
* துபாய்: ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 9 முதல் 6 என்றால், இங்கே காலை 10.30 முதல் இரவு 7.30.
* சிங்கப்பூர், கோலாலம்பூர்: இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 6.30 முதல் பிற்பகல் 3.30.

இந்த நான்கு இடங்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது கூடுதல் வசதி. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. நம் நாட்டு ஹெச்.சி.எல். நிறுவனம் 2020-ல் கொழும்பில் மையம் தொடங்கி அங்குள்ள இளைஞர்களை வேலைக்கு எடுத்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கனவோடு படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டி அங்கிருந்தும் வரும்.

கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு வேலை செய்ய முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 2007-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆதரவோடு உருவான தேசிக்ரூ, கிராமங்களிலேயே பி.பி.ஓ. மையங்களை நடத்திக் காட்டியது. 2011-ல் ஜோஹோ தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்குப் போனது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் 2024-ல் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இன்டர்நெட் கொண்டுபோவது தமிழக அரசின் திட்டம்.

ஆனாலும் இன்டர்நெட் மட்டும் போதாது. கரன்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். லட்சக்கணக்கானோர் நடக்கும் பௌர்ணமி இரவில் செல்போன் சிக்னல் திணறும் என்பதால், கேபிள் கனெக்‌ஷன் ஒன்று தனியாக வேண்டும்.

துண்டுச் சீட்டு தந்த பாடம்

பக்கத்து நாட்டுக்கு நம்மூர் ஆட்களை வேலைக்கு எடுப்பது புதிதா? இல்லவே இல்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. அந்த வட ஆற்காடு, சேலம், திருச்சி போன்ற பகுதிகளிலிருந்து 19-ம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் கங்காணி.

அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி மேல் எவ்வளவு கடன் நிற்கிறது என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் அந்தக் கடனைப் புதிய தோட்டம் அடைக்க வேண்டும். ஒரு சின்னக் காகிதம், அதைப் படிக்கத் தெரியாத மனிதர்களின் வாழ்க்கையையே கட்டிப்போட்டது. 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது.

இன்று யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆனால், காகிதம் இன்றைக்கும் இருக்கிறது. இப்போது அதன் பெயர் கான்ட்ராக்ட்.

கையெழுத்துக்கு முன் கவனிக்க...

வெளிநாட்டு நிறுவனம் உங்களை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ‘ஃப்ரீலான்ஸ் கான்ட்ராக்டர்’. கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பெண்களுக்கு நம் சட்டம் தரும் 26 வாரப் பிரசவ விடுப்பும் சம்பளத்தோடு கிடைக்காது. வருமான வரியை நாமே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு வரி 10,000 ரூபாயைத் தாண்டினால் அட்வான்ஸ் டாக்ஸும் உண்டு.

இரண்டாவது, இடையில் ஒரு நிறுவனம் இருக்கும். அது நம் நாட்டுச் சட்டப்படி உங்களைப் பணியில் சேர்த்து, சம்பளச் சீட்டு தரும். வேலை வாங்குவது வெளிநாட்டு நிறுவனம். 2019-ல் தொடங்கிய டீல், ரிமோட் போன்றவை இந்தச் சேவையைத் தருகின்றன. கையில் வரும் தொகை சற்றுக் குறைந்தாலும், பி.எஃப். போன்ற பாதுகாப்பு கிடைக்கும்.

எந்த வழியானாலும் நான்கு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சம்பளம் எந்தக் கரன்சியில், எந்தத் தேதியில் வரும்? வேலையை நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ்? விடுமுறை எந்த நாட்டு காலண்டர்படி? தகராறு வந்தால் எந்த நாட்டுக் கோர்ட்?

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். ‘டேட்டா என்ட்ரி வேலை, பக்கத்து நாடு, கை நிறையச் சம்பளம்’ என்று அழைத்துப் போய், ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் ஒப்படைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2022-ல் மியான்மரின் மியாவாடியில் அப்படிச் சிக்கிய தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டு சென்னை திரும்பினார்கள். வேலைக்காக முன்பணம் கேட்டாலோ, பாஸ்போர்ட்டை வாங்கி வைக்க நினைத்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். உண்மையான ‘வீட்டிலிருந்தே வேலை’க்கு விமான டிக்கெட் தேவையே இல்லை!

மூன்றரை மணி வெயில்

பிற்பகல் மூன்றரை. சிங்கப்பூரில் மாலை ஆறு. லேப்டாப்பை மூடலாம். காலையில் நிழலில் கிடந்த அடி அண்ணாமலையில் இப்போது நிலவரம் மாறியிருக்கும். சூரியன் மேற்கே இறங்க, மலையின் இந்தப் பக்கம் முழுக்க வெளிச்சம்.

அம்மாவை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். குழந்தையை ஸ்கூலிலிருந்து கூட்டி வரலாம். விருப்பமிருந்தால் கிரிவலமே ஒரு சுற்று நடக்கலாம். சென்னையிலும் பெங்களூருவிலும் கூடுதல் சம்பளம் கிடைக்கலாம். இந்த மாலை கிடைக்காது.

அந்த மாலை பறிபோகாமல் இருக்க வேண்டுமானால், காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். துண்டுச் சீட்டோடு கடல் கடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நமக்கு இருக்கிறது.