பீப்பாய்க் கணக்கில் வாழும் பள்ளத்தாக்கு

போர்ச்சுகலின் டோரு நதிக்கரையில் எந்தத் தோட்டத்து ஒயினைச் சுவைப்பது என்று பட்டியல் போடும் முன்...

டெல்லியில் உட்கார்ந்து போட்ட திட்டம் அழகாகத்தான் இருந்தது. ஒரே நாளில் ஐந்து ஒயின் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம், மாலையில் ரயில். காலை பதினொன்றரை மணிக்கு, இரண்டாவது தோட்டத்தில் ஆறாவது கிண்ணத்தைக் கீழே வைத்தபோது அந்தத் திட்டம் உயிரை விட்டது. இந்தப் பள்ளத்தாக்கைப் புகழ் பெறச் செய்த போர்ட் ஒயினில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாவில் தேன், தலையில் சம்மட்டி. மூன்றாவது தோட்டத்தில் எனக்குப் பத்து வருட ஒயினுக்கும் இருபது வருட ஒயினுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

எனவே முதல் யோசனை: ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், கை தேர்ந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வாடகைக் கார் எடுப்பதானால் ஓட்டுகிறவர் அன்று திராட்சைப் பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரேகுவாவிலிருந்து பின்யாவ் போகும் என்-222 சாலை ஆற்றோடு ஆறாக வளைகிறது. எட்டிப் பார்க்க ஆசை வரும்.

பெரும்பாலான பயணிகள் இவ்வளவு தூரம் வருவதே இல்லை. போர்ட்டோ நகரில் தங்கி, பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள வில நோவா டி காயாவின் கிடங்குகளைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். சாண்ட்மன், டெய்லர், கிரஹாம் என்று கூரைகளின் மேல் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக நிற்கும் ஊர் அது. 1703-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் போர்ச்சுகல் ஒயினுக்குச் சுங்கச் சலுகை கிடைத்தது. அதிலிருந்து இந்த வியாபாரத்தில் ஆங்கிலேயர் கை ஓங்கியது. கடற்காற்றின் குளிர்ச்சியில் ஒயின் நிதானமாக முதிரும் என்பதால் கிடங்குகள் இங்கே. 1986 வரை, ஏற்றுமதியாகும் போர்ட் காயா வழியாகத்தான் போக வேண்டும் என்று விதியே இருந்தது. மலையில் விளைவித்தவன் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியாது.

காயாவுக்கு அரை நாள் போதும். மறுநாள் காலை ரயிலேறுங்கள். சாவோ பென்டோ நிலையத்தின் சுவர்களில் ஏறத்தாழ 20,000 நீல ஓடுகளில் போர்ச்சுகல் வரலாறு தீட்டப்பட்டிருக்கிறது. அதற்காகவே கொஞ்சம் முன்னதாகப் போகலாம். பெட்டியில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆறு கண்ணில் படாது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். அப்புறம் சட்டென்று தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர். அங்கிருந்து கடைசி வரை பெரும்பாலும் அது கூடவே வருகிறது. ஃபெர்ரடோசாவில் ரயில் பாலம் ஏறித் தென்கரைக்கு மாறும்போது நீங்களும் இடப்பக்கம் மாற வேண்டும்.

சுமார் இரண்டரை மணி நேரத்தில் பின்யாவ். இரண்டு இரவு தங்குவதற்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. நிலையத்தின் சுவர் ஓடுகளிலேயே அறுவடைக் காட்சிகள் இருக்கின்றன. போன்ஃபிம், ரோயெடா ஆகிய பெரிய தோட்டங்களுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் முன்பதிவு அவசியம். செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அறுவடை. பார்க்க அதுவே சிறந்த காலம், அறை கிடைக்காத காலமும் அதுதான். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது உள்ளூர்ச் சொலவடை. என் வாக்கு மே மாதத்துக்கு.

பின்யாவுக்கு மேலே காசல் டி லொய்வோஸ் கிராமத்திலிருந்து பார்த்தால், மலை முழுவதையும் யாரோ சீப்பால் வாரிவிட்டது போல் இருக்கிறது. அத்தனையும் கைவேலை. இங்கே மண் என்று சொல்லத்தக்க மண் கிடையாது. தகடு தகடாக உடையும் சிஸ்ட் பாறை. அதை உடைத்து, நொறுங்கியதை மண்ணாக்கி, மிஞ்சிய கல்லைக் காரை இல்லாமல் அடுக்கிச் சுவராக்கி, சுவருக்குப் பின்னால் கொடியை நட்டிருக்கிறார்கள். பாறையின் செங்குத்தான பிளவுகளில் கொடியின் வேர் பல மீட்டர் இறங்கி ஈரம் தேடுகிறது. மேற்கே மராவ் மலை அட்லான்டிக் மழையைத் தடுத்துவிடுவதால் அந்த வேரை நம்பித்தான் எல்லாமே. 1860-களில் ஃபில்லோக்சரா என்ற வேர்ப்பேன் வந்து தோட்டங்களை அழித்தது. அப்போது கைவிடப்பட்ட அடுக்குகள் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் 'மோர்டோரியு'. சாவைச் சேர்ந்த சொல்.

அறுவடையின்போது போனால் மிதிப்பதைப் பாருங்கள். சில தோட்டங்களில் இன்னும் 'லகார்' எனும் கருங்கல் தொட்டியில் திராட்சையைக் காலால்தான் மிதிக்கிறார்கள். தோளில் தோள் சேர்த்து வரிசையாக நின்று, இடது, வலது என்று எண்ணி எண்ணி, இரண்டு மணி நேரம். பிறகு அக்கார்டியன் இசைக்க, வரிசை கலைந்து ஆட்டம். இது பயணிகளுக்கான கூத்து மட்டுமில்லை. போர்ட்டில் நொதித்தல் இரண்டு மூன்று நாளில் நிறுத்தப்படுகிறது. அதற்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கியாக வேண்டும். விதை உடைந்தால் கசக்கும். மனிதப் பாதம் தோலை நசுக்கும், விதையை உடைக்காது. பாதிச் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு தங்கிவிடும். 550 லிட்டரில் சுமார் 115 லிட்டர் இந்தச் சாராயம்தான்.

அந்த 550 லிட்டர் அளவுக்கு இங்கே 'பிபா' என்று பெயர். நம் 'பீப்பாய்' அதே சொல்தான். ஜன்னல், சாவி, அலமாரியோடு போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. இந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வும் தாழ்வும் பீப்பாய்க் கணக்கில் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலப்படம் பெருகி, ஒயினில் எல்டர்பெர்ரிச் சாறு கலந்து நிறம் ஏற்றி, விலை சரிந்தது. முதலமைச்சராக இருந்த பொம்பால் 1756-இல் போர்ட் விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்து, வர்த்தகத்தை ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்தார். எல்லையைக் காட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் தூண்களை நட்டார்கள். பல இன்னும் நிற்கின்றன. எதிர்த்து 1757-இல் போர்ட்டோவில் கலகம் செய்தவர்கள் தூக்கில் தொங்கினார்கள். கோவாக் கடைகளில் 'போர்ட்' என்று விற்கும் இனிப்பு ஒயினைப் பார்த்தால் பொம்பால் என்ன செய்திருப்பாரோ!

அந்தக் கட்டுப்பாட்டின் வாரிசாக இன்று 'பெனஃபீசியு' இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உயரம், சரிவு, மண், கொடியின் வயது என்று மதிப்பெண் உண்டு. அதன்படி இந்த வருடம் எத்தனை பீப்பாய் போர்ட்டுக்கான திராட்சை விற்கலாம் என்று அனுமதி கிடைக்கும். அனுமதிக்குள் வரும் திராட்சைக்கு நல்ல விலை. மீதி சாதாரண ஒயினுக்குப் போகும், சில வருடம் அசலுக்கே தேறாது. உலகில் போர்ட் குடிப்பது குறைந்துவருகிறது. மொத்த அனுமதி 2023-இல் 1,04,000 பீப்பாய். 2024-இல் 90,000. 2025-இல் 75,000. ரேகுவாவில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைக்கப்படும் அந்தச் சாராயத்தையாவது எங்கள் திராட்சையில் காய்ச்சுங்கள் என்பது அவர்களது கோரிக்கைகளில் ஒன்று. நியாயமாகத்தான் படுகிறது.

2001-இல் இந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தச் சுவர்களைச் சரிந்த இடத்தில் தூக்கிக் கட்டுவது ஒன்றிரண்டு ஹெக்டேர்காரர்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் போர்ட்டோவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு தோட்டங்களில் ஒன்று பெரிய பெயராக இருக்கட்டும், மற்றது வீட்டோடு சேர்ந்த சிறு தோட்டமாக இருக்கட்டும். தன் பெயரில் புட்டியடைத்து விற்கும் குடும்பங்கள் 1986-க்குப் பிறகு பெருகியிருக்கின்றன. நான் போன ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே ஊற்றித் தந்தார்கள். போர்ட்டை விட, அதே திராட்சையில் செய்த இனிப்பில்லாத சிவப்பு ஒயின் எனக்குப் பிடித்தது. சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கீரை சூப்பிலும் ஒரு துண்டு தொத்திறைச்சி மிதக்கும். ரொட்டி, ஆலிவ், பாதாம், பாலாடைக்கட்டி எல்லாம் குறைவில்லை.

மூன்றாம் நாள் ரயிலில் இன்னும் கிழக்கே போங்கள். வலேய்ரா அணை வரும். அணைகள் வருவதற்கு முன் இங்கே ஆறு பாய்ந்து விழுந்தது. பீப்பாய் ஏற்றிய 'ரபேலு' படகுகள் இதன் வழியாகத்தான் போர்ட்டோவுக்கு இறங்கும். 1861 மே மாதம் ஒரு படகு கவிழ்ந்தது. ஆற்றுக்கு வரைபடம் தயாரித்த ஆங்கில வணிகர் ஃபாரஸ்டர் மூழ்கிப்போனார். இடுப்பில் கட்டியிருந்த பணப்பையின் கனம் அவரை இழுத்துவிட்டதாம். கூட வந்த டோனா அன்டோனியா ஃபெரேரா, பள்ளத்தாக்கின் பெரும் நிலக்கிழார், பிழைத்தார். குடை போல் விரிந்த பாவாடை அவரை மிதக்கவைத்ததாகச் சொல்கிறார்கள். இப்போது தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது.

பொசீன்யுவில் ரயில் நின்றுவிடும். ஸ்பெயின் எல்லைக்கு அருகில் உள்ள பார்க்கா டி ஆல்வா வரை போன பாதையை 1988-இல் மூடிவிட்டார்கள். அருகே கோவா நதிப் பள்ளத்தாக்கில் பழைய கற்காலத்தவர் பாறையில் கீறிய குதிரைகளும் காளைகளும் உள்ளன. அவற்றை மூழ்கடிக்க இருந்த அணையை மக்கள் போராடி 1995-இல் நிறுத்தினார்கள். அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.

திரும்பும்போது பெட்டியில் இரண்டு புட்டிகள். இந்தியச் சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரைதான் வரியில்லை. ஒன்று பெரிய பெயர். மற்றது லேபிளில் எழுத்து கொஞ்சம் கோணலாக அச்சான அந்தச் சாப்பாட்டு மேசை வீட்டு ஒயின்.