பாட்டுக்குள்ள அடிச்ச போன்

1/ இன்னிக்கு சுகர், பிபி எதுவும் இல்ல. ஒரு பியானோ, மூணு பாட்டு, அப்புறம் நான் செஞ்ச ஒரு தப்பு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

2/ லண்டன் சோஹோ பகுதியில ஒரு சந்து. அதுலதான் ட்ரைடென்ட் ஸ்டுடியோ இருந்தது. உள்ளே ஒரு பெக்ஸ்டைன் கிராண்ட் பியானோ. பியானோ கட்டையை அழுத்தினா கம்பளி சுத்தின சின்ன சுத்தியல் போய் கம்பியைத் தட்டும். கம்பளி இறுகியிருந்தா சத்தம் பளிச்னு வரும். மெத்துனு இருந்தா சத்தமும் மெத்துனு இருக்கும். இது பளிச் ரகம். டிரம்ஸ், கிடார் எல்லாம் சேர்ந்தாலும் அமுங்காது.

3/ 1968-ல பீட்டில்ஸ் இங்க வந்தாங்க. காரணம், இங்க 8 டிராக் ரெக்கார்டர் இருந்தது. பதிவானது 'ஹே ஜூட்'. ஜான் லெனனும் அவர் மனைவியும் பிரிஞ்ச நேரம். அவங்க பையன் ஜூலியனுக்கு அப்போ 5 வயசு. அவனைத் தேத்தத்தான் பால் மெக்கார்ட்னி அந்தப் பாட்டை எழுத ஆரம்பிச்சார். தொடக்கத்துல அவர் குரலும் பியானோவும் மட்டும்தான். முடியும்போது 36 பேர் ஆர்கெஸ்ட்ரா.

4/ 1970 ஜனவரி. அதே ஸ்டுடியோவுல எல்டன் ஜான் 'யுவர் சாங்' பதிவு பண்றார். வயசு 22.

5/ 1971. டேவிட் போவியோட 'லைஃப் ஆன் மார்ஸ்?'. பியானோ வாசிச்சது ரிக் வேக்மேன். அவருக்கும் 22. வயலின் கூட்டம் எவ்வளவு உயரப் போனாலும் கீழே பியானோ ஓடிட்டே இருக்கும். பாட்டு முடிஞ்சு சத்தம் அடங்கினதும் பியானோ லேசா திரும்ப வரும். கூடவே ஒரு டெலிபோன் மணி அடிக்கும்.

6/ அது எஃபெக்ட் இல்ல. முன்னாடி எடுத்த ஒரு டேக்ல ஸ்டுடியோ போன் அடிச்சு அது கெட்டுப்போச்சு. அதே டேப்ல மறுபடி வாசிச்சாங்க. பழைய டேக்கோட வால் பகுதி மட்டும் அழியாம கடைசியில மிச்சம் இருந்தது. அதை வெட்டி எறியாம அப்படியே விட்டுட்டாங்க.

7/ இப்ப என் கதை. ஹவுஸ் சர்ஜன் காலம். எனக்கு 23. மெடிக்கல் வார்டு நைட் டூட்டி. ராத்திரி 2 மணிக்கு டூட்டி ரூம்ல கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, ரெண்டு காதுலயும் இயர்போன். இதே பாட்டு, ரிப்பீட்ல.

8/ மணி அடிச்சது. பாட்டுல வர்ற மணின்னு நினைச்சேன். திரும்ப அடிச்சது. பாட்டுதான்னு கண்ணை மூடிக்கிட்டேன். கதவைத் தட்டிக்கிட்டு சிஸ்டரே வந்துட்டாங்க. "டாக்டர், மூணு தடவை இன்டர்காம் அடிச்சேன்! 14-ம் பெட் ஐயாவுக்கு மூச்சு வாங்குது."

9/ ஓடினேன். நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. உட்கார வச்சு, ஆக்சிஜன், லேசிக்ஸ் ஊசி. பி.ஜி. அண்ணன் வந்து மிச்சத்தைப் பார்த்தார். விடியறதுக்குள்ள ஐயா முழு வாக்கியமா பேச ஆரம்பிச்சார். பிழைச்சுட்டார்.

10/ அப்புறம் கேஸ் ஷீட். அழைப்பு வந்த நேரம், பார்த்த நேரம். நடுவுல 10 நிமிஷம். முதல் நேரத்தை மாத்தி எழுதினா யாருக்கும் தெரியாது. பேனா அங்கேயே நின்னுச்சு. சிஸ்டர் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல ஊசி மருந்து கணக்கு எழுதிட்டு இருந்தாங்க. அவங்க நோட்டுல சரியான நேரம் இருக்கும்னு அப்பதான் உறைச்சது. நல்லவனா இருந்ததால இல்ல, அந்த நோட்டுக்குப் பயந்துதான் உண்மையை எழுதினேன். காலையில சீஃப் படிச்சார். ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும் விளாசினார். நியாயம்தான்.

11/ அதுக்கப்புறம் பல வருஷம் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்ல. போன மாசம் பொண்ணு கீபோர்டுல தடவித் தடவி அதையே வாசிச்சா. சேர்ந்து உட்கார்ந்து ஒரிஜினலைப் போட்டோம். கடைசியில மணி அடிச்சதும் என் கை தானா போனைத் தேடுச்சு. "அப்பா, அது பாட்டுப்பா"ன்னு சிரிச்சா.

12/ டூட்டியில இருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு: பாட்டு கேளுங்க, ராத்திரி நீளம்தான். ஆனா ஒரு காது வார்டுக்கு. நேரத்தை மட்டும் மாத்தி எழுதாதீங்க. மத்தவங்க இன்னிக்கு அந்தப் பாட்டைக் கடைசி நொடி வரைக்கும் கேட்டுப் பாருங்க. மணி கேட்டுச்சான்னு சொல்லுங்க.