சராசரி சொல்லாத கடல்

பட்டர்வொர்த் கரையில் நின்று மேற்கே பார்த்தால் பினாங்குத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். இடையே உள்ள கடல் பெரும்பாலும் அமைதியாகவே தோன்றும். பெரிய அலைகள் எழுவதில்லை. நுரை பொங்குவதும் இல்லை. ஆனால், அந்த நீர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சில மணி நேரம் வடக்கே ஓடும்; பிறகு தயங்கி நின்று தெற்கே திரும்பும். அக்கரையிலேயே பிறந்து வளர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, இந்த உண்மையை ஒரு நூல்கண்டையும் சில ஆரஞ்சுப் பழங்களையும் கொண்டு கற்றுக்கொண்டாள்.

அவளுடைய பள்ளியில் கயாக் படகுப் பயிற்சி தொடங்கவிருந்தது. இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பயிற்சி என முடிவாகியிருந்தது. படிவம் ஒன்று மாணவர்கள் பன்னிருவர் பெயர் கொடுத்திருந்தனர். அவர்களுள் அவளுடைய தம்பியும் ஒருவன். பயிற்சி நடக்கும் இடத்தில் நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று அளந்து அறிக்கை தருமாறு ஆசிரியர் அறிவியல் கழகத்திடம் கூறினார். அந்தப் பொறுப்பை அவளே விரும்பி ஏற்றுக்கொண்டாள்.

அளக்கும் முறை எளிமையானது. ஆரஞ்சுப் பழம் நீரில் முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும். அதனால், காற்று அதை அதிகம் தள்ளாது. நீர் போகும் வழியிலேயே அதுவும் போகும். பழத்தைப் பத்து மீட்டர் நீளமுள்ள நூலில் கட்டிப் படகுத்துறையிலிருந்து மெல்ல நீரில் விடவேண்டும். நூல் இறுகும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் வேகம் கிடைக்கும். நூல் நீண்டு கிடக்கும் பக்கத்தைத் திசைகாட்டியில் பார்த்தால் திசை கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை, ஆசிரியரும் தோழியர் இருவரும் உடனிருக்க, மணிக்கு ஒரு முறை அவள் அளந்தாள். மொத்தம் பதின்மூன்று அளவுகள். அவற்றை ஓர் அட்டவணையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குச் சென்றாள்.

அட்டவணையிலிருந்து ஒரே விடையை எடுத்துவிட வேண்டும் என்பது அவளது எண்ணம். ஆகவே, சராசரி கண்டாள். முதலில் திசைகளைக் கூட்டி வகுத்தாள். காலையில் ஒரு முறை 350 பாகையும் மறுமுறை 10 பாகையும் பதிவாகியிருந்தன. இரண்டும் ஏறக்குறைய வடக்குத் திசையே. ஆனால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 பாகை வருகிறது. அது நேர் தெற்கு! வடக்கே ஓடிய நீரைக் கணக்கு தெற்கே திருப்பிவிட்டது. வட்டத்தில் 360 பாகையும் 0 பாகையும் ஒரே இடம் என்பதை அந்தக் கூட்டல் அறியாது.

தவற்றை உணர்ந்த மாணவி வேறு வழியைக் கையாண்டாள். வடக்கே ஓடிய வேகங்களுக்குக் கூட்டல் குறியும் தெற்கே ஓடியவற்றுக்குக் கழித்தல் குறியும் இட்டாள். இம்முறை கணக்கில் பிழை இல்லை. விடை ஏறக்குறைய சுழியம். அவள் மகிழ்ச்சியோடு அறிக்கையை எழுதினாள்: ‘இப்பகுதியில் நீரோட்டம் மிகக் குறைவு. எந்த நேரத்திலும் படகுப் பயிற்சி நடத்தலாம்.’

மறுநாள் காலை அவ்வறிக்கையைத் தாத்தாவிடம் காட்டினாள். அவர் பல ஆண்டுகள் தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடிய பயணப்படகில் பணியாற்றியவர். கண்ணாடியை அணிந்துகொண்டு மெதுவாகப் படித்தார். வழக்கமாகப் பேத்தியைப் பாராட்டும் அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

“தாத்தா, ஏதாவது தப்பா?” என்று அவள் கேட்டாள்.

“கணக்கைப் பற்றி எனக்குத் தெரியாதம்மா. ஆனால், இந்தக் கடலில் ஓட்டம் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். எங்கள் படகு அக்கரைக்கு நேராகப் போகவேண்டும் என்றால், அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் துறையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும்.”

சற்று நேரம் அமைதியாக இருந்தவர், பிறகு தொடர்ந்தார். “ஒரு நாள் இரண்டு பையன்கள் சின்னப் படகில் இறங்கினார்கள். அன்றும் கடல் அமைதியாகத்தான் இருந்தது. துடுப்புப் போட்டுப் போட்டுக் களைத்துவிட்டார்கள். படகு கவிழ்ந்துவிட்டது. எங்களால் ஒருவனைத்தான் தூக்க முடிந்தது.”

அவள் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு சிறுவர்களின் முகங்கள் அவள் கண்முன் வந்தன. தம்பியின் முகமும் வந்தது.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் நடந்ததைக் கூறினாள். அவர் ஒரு வரைபடத் தாளை அவள் முன் வைத்தார். “வேகமும் திசையும் சேர்ந்த அளவுக்குத் திசையன் என்று பெயர். அதை ஓர் அம்பாக வரையலாம். அம்பின் நீளம் வேகம். அது நீட்டும் பக்கம் திசை. உன்னிடம் பதின்மூன்று அம்புகள் இருக்கின்றன. நீ அவற்றை ஒன்றாக்கப் பார்த்தாய். ஒன்றாக்காமல், நேர வரிசையில் நிறுத்திப் பார்” என்றார்.

அவள் தாளின் குறுக்கே ஒரு நேர்க்கோடு வரைந்தாள். அதுவே நேர அச்சு. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை சம இடைவெளியில் புள்ளிகள் இட்டாள். தாளின் மேற்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அந்நேரத்து நீரோட்டத்தின் திசையில் ஒரு கோடு கிழித்தாள். விநாடிக்கு 0.1 மீட்டர் வேகத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நீளம் என வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஒரு சிறு கீறல் மட்டுமே விழுந்தது. எட்டு மணியிலிருந்து கோடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. பத்து மணிக்கு மிக நீளமான கோடு; ஐந்து சென்டிமீட்டர். பிறகு மெல்லக் குறுகி, பிற்பகல் ஒரு மணிக்கு மறைந்தே போயின. அதன்பின் கோடுகள் கீழ்நோக்கி நீண்டன. நான்கு மணிக்கு அங்கே ஒரு நெடிய கோடு. ஏழு மணிக்கு மீண்டும் ஒரு கீறல். மேலே ஒரு சிறகும் கீழே ஒரு சிறகும் விரித்ததுபோல் அந்தப் படம் இருந்தது. கடலாய்வாளர்கள் இதைக் குச்சி வரைபடம் என்பர்.

காலைச் சிறகும் மாலைச் சிறகும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதால்தான் சராசரி சுழியமானது. கடல் ஏற்ற இறக்கத்தின் ஒரு சுற்று இங்கே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அவள் அளந்ததும் அத்தகைய ஒரு சுற்றைத்தான். ஆனால், பத்து மணிக்குப் படகில் இருப்பவனுக்குச் சராசரியால் என்ன பயன்? விநாடிக்கு அரை மீட்டர் என்றால் நிமிடத்துக்கு முப்பது மீட்டர். ஒரு சிறுவன் களைத்துப் பத்து நிமிடம் துடுப்பை வைத்துவிட்டால், 300 மீட்டர் தள்ளிப் போயிருப்பான்.

நேரத்தோடு சேர்த்து எழுதிய குறிப்புகளின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் மேத்யூ ஃபான்டெய்ன் மோரி. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அவர், 1839-இல் ஒரு வண்டி விபத்தில் காலில் காயமுற்றார். பின்னர், அலுவலகப் பணியில் இருந்தபோது, கப்பல்களின் பழைய நாட்குறிப்புகள் அங்கே குவிந்து கிடப்பதைக் கண்டார். அவற்றில் அன்றாடக் காற்றும் நீரோட்டமும் பதிவாகியிருந்தன. அவற்றைத் தொகுத்து 1847 முதல் அவர் வெளியிட்ட வரைபடங்கள், மாலுமிகளின் பயண நாள்களைக் குறைத்தன.

ஆசிரியரின் யோசனைப்படி, மாணவி அதே தாளில் காற்றுக்கும் ஒரு வரிசை வரைந்தாள். அங்கே ஒரு நுட்பம் இருந்தது. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அத்திசையால் பெயரிடுவர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். நீரோட்டத்துக்கோ அது செல்லும் திசையால் பெயர். எனவே, குழப்பம் வராதிருக்க, ‘எல்லா அம்புகளும் செல்லும் திசையைக் காட்டுகின்றன’ என்று படத்தின் கீழே எழுதினாள்.

அன்று மாலை தாத்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். இம்முறை விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய விரல் நேர அச்சின்மீது நகர்ந்து, ஒரு மணியில் நின்றது. “இங்கேதான் தண்ணீர் திரும்புகிறது. ஆனால், இது நாளுக்கு நாள் தள்ளிப்போகும்” என்றார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளும் என்றும், பதினான்கு நாளில் கிட்டத்தட்டப் பழைய நேரத்துக்கே வந்துவிடும் என்றும் பேத்தி கணக்கிட்டாள். பயிற்சி நாளில் நீர் திரும்பும் நேரம் நண்பகல் பன்னிரண்டேகால் மணியை ஒட்டி அமையும் எனத் தெரிந்தது. குறித்திருந்த பத்து மணியோ மீண்டும் நெடிய கோட்டின் நேரம்!

அவள் பழைய அறிக்கையைக் கிழித்துவிடவில்லை. புதிய அறிக்கையின் பின்னால் இணைத்து, ‘கணக்கு சரி, முடிவு தவறு’ என்று எழுதினாள். பயிற்சி, நீர் திரும்பும் நேரத்தை ஒட்டி முக்கால் மணி நேரமாக மாற்றப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை நண்பகலில், பன்னிரண்டு சிறுவர்களும் மிதவைச் சட்டை அணிந்து கரையில் காத்திருந்தனர். தாத்தாவும் வந்திருந்தார். மாணவி ஆரஞ்சுப் பழத்தை நீரில் மெல்ல விட்டாள். அனைவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தனர். பழம் விழுந்த இடத்திலேயே அசைந்தாடியது. நூல் தளர்ந்து கிடந்தது. அவள் ஆசிரியரை நோக்கித் தலையசைத்தாள். முதல் படகு நீரில் இறங்கியது.