பள்ளிக்கூட மாணவிக்கு 33 வயசு

கொஞ்சம் நீளமான த்ரெட். சினிமாவில் ஆரம்பிச்சு என் ஓ.பி. அறைக்கு வந்து சேரும். வீட்டில் 12 வயசிலிருந்து 18 வயசுக்குள் பிள்ளைங்க இருக்கிறவங்க பொறுமையாப் படிங்க. யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

பத்தாம் வகுப்புப் பையன். வயசு 15. அம்மா கூட்டிட்டு வந்திருந்தாங்க. "முகமெல்லாம் செவந்து தோல் உரியுது டாக்டர். என்னத்தைத் தடவுறான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தினதும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசை மேல வெச்சான். மினாக்ஸிடில். பெரியவங்களுக்குத் தலைமுடி வளர்றதுக்குக் கொடுக்கிற மருந்து, 18 வயசுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கும். ஆன்லைனில் வாங்கி மூணு மாசமா ராத்திரி ராத்திரி கன்னத்தில் தடவியிருக்கான்.

"எதுக்குப்பா?"

"தாடி வரல சார்."

ஃபோனை எடுத்து ஒரு வெப் சீரிஸ் காட்சியைக் காட்டினான். ஸ்கூல் வராண்டாவில் ஒரு 'மாணவன்' நிக்கிறான். சதுரமான தாடை, ஷேவ் பண்ண இடத்தில் பச்சை நிழல், டி-ஷர்ட்டுக்குள்ள அடங்காத தோள். "கதைல இவனுக்கும் என் வயசுதான் சார்."

"சரி, அந்த நடிகரோட பிறந்த வருஷத்தைத் தேடு."

தேடினான். விரல் விட்டு எண்ணினான். 27.

அவன் முகத்தைப் பார்த்தப்போ எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, நிறைய கோபம். அவன் மேல இல்ல.

இது புதுசும் கிடையாது. 1978-இல் வந்த 'கிரீஸ்' படத்தில் பள்ளி மாணவி ரிஸ்ஸோவா வந்த ஸ்டாக்கர்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது வயசு 33. கதாநாயகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28. 1990-இல் 'பெவர்லி ஹில்ஸ், 90210' தொடர் ஆரம்பிச்சப்போ ஆண்ட்ரியாங்கிற பள்ளி மாணவியா நடிச்ச கேப்ரியல் கார்டெரிஸுக்கு 29. 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' (2012) வந்தப்போ ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு 28. ஹாரி பாட்டர் ரெண்டாம் படத்தில் கழிப்பறையில் அழுதுட்டே இருக்கிற சின்னப் பொண்ணு பேய் ஞாபகம் இருக்கா? அந்த ஷெர்லி ஹென்டர்சனுக்கு அப்போ 36 தாண்டிடுச்சு. பேய்க்கு வயசு ஏறாது, அதனால அவங்களை மட்டும் மன்னிச்சு விட்டுடலாம்.

ஏன் இப்படிப் பண்றாங்க? முதல் காரணம் சட்டமும் நேரமும்.

சாப்ளினோட 'தி கிட்' (1921) படத்தில் வந்த குட்டிப் பையன் ஜாக்கி கூகன். பெரியவனாகிப் பார்த்தால், சம்பாதிச்ச பணத்தைப் பெத்த அம்மாவும் வளர்ப்புத் தகப்பனும் செலவழிச்சு முடிச்சிருந்தாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார், அதைத் தொடர்ந்து 1939-இல் கலிபோர்னியாவில் அவர் பேரிலேயே சட்டம் வந்தது. இப்போ அங்கே குழந்தை நடிகர் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கணும். அதோட 16, 17 வயசு நடிகர்னா பள்ளி நாளில் 6 மணி நேரம் வேலை, 3 மணி நேரம் படிப்பு, 1 மணி நேரம் ஓய்வு. செட்டில் ஆசிரியர் இருக்கணும். வயசு குறையக் குறைய வேலை நேரமும் குறையும்.

இப்போ தயாரிப்பாளர் இடத்தில் உட்கார்ந்து யோசிங்க. 'பேக் டு தி ஃபியூச்சர்' (1985) படத்தில் 17 வயசுப் பையனா வந்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு அப்போ 23. பகலில் ஒரு டி.வி. தொடர், அதை முடிச்சிட்டு ராத்திரி இந்தப் படம், இப்படி மாசக்கணக்கில் ஓடினார். நிஜமான 17 வயசுப் பையனை வெச்சு இதைப் பண்ணவே முடியாது. பண்ணவும் கூடாது.

நம்ம நாட்டிலும் 2017-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 14 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தை நடிகர்களுக்கு இருக்கு: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரம் தாண்டக் கூடாது, தொடர்ச்சியா 27 நாளுக்கு மேல கூடாது, வருமானத்தில் குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேரில் வங்கியில் போடணும். அடுத்த தடவை ரியாலிட்டி ஷோவில் ஒரு குட்டி ராத்திரி வரைக்கும் கண் சொருக உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா, இந்த விதி ஞாபகம் வரட்டும்.

ரெண்டாவது காரணம் முழுக்க எங்க டிபார்ட்மெண்ட். டீனேஜ் உடம்பு ஒரு இடத்தில் நிக்காது. பருவ வளர்ச்சி உச்சத்தில் இருக்கிற பையன் வருஷத்துக்கு 9, 10 சென்டிமீட்டர் வளருவான். ஆறு மாசம் ஷூட்டிங்னா முதல் நாள் தச்ச பேன்ட் கடைசி நாள் கணுக்காலுக்கு மேல நிக்கும். நடுவில் குரல் உடையும். பரு வரும், போகும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்குத் தெரியும். கதை 1983-இல் ஆரம்பிக்குது, கடைசி சீசன் நடக்கிறது 1987-இல், நாலு வருஷ இடைவெளி. எடுத்து முடிச்சு வெளியிட 2016-லிருந்து 2025 வரைக்கும் ஆச்சு. பன்னிரண்டு வயசில் வந்த பிள்ளைங்க கடைசி சீசனில் இருபதைத் தாண்டிட்டாங்க.

(ஒரு சின்ன இடைச்செருகல். அதில் டஸ்டினா வர்ற கேட்டன் மாடராஸோவுக்கு நிஜத்திலேயே கிளைடோகிரேனியல் டிஸ்பிளாசியா, அதாவது தோள்பட்டைக் காறை எலும்பும் பற்களும் சரியா உருவாகாத பிறவிக் குறைபாடு. அதை மறைக்காம கதாபாத்திரத்துக்கே கொடுத்துட்டாங்க. எங்க பாடப்புத்தகத்தில் ஒரு ஓரத்தில் வர்ற பேரை உலகமே கேட்டது. ஒரு பிள்ளையோட நிஜ உடம்பைத் திரையில் காட்டினா என்ன நடக்கும்கிறதுக்கு நான் அடிக்கடி சொல்ற உதாரணம் இது.)

மூணாவது, காதல் காட்சி, படுக்கைக் காட்சி. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை அதில் நடிக்க வைக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக 25 வயசுக்காரரைப் போட்டால் எனக்கு மறுபேச்சே கிடையாது.

நம்ம ஊரில் நாலாவதா ஒண்ணு இருக்கு. ஹீரோ. கதை பள்ளிக்கூடத்தில் ஆரம்பிச்சாலும் அதே ஸ்டார்தான் வரணும். மீசையை எடுத்து, யூனிஃபார்ம் மாட்டி, சைக்கிள் கொடுத்தா முடிஞ்சுது, பத்து வருஷம் குறைஞ்சிடும். '3' படத்தில் (2012) ஸ்கூல் யூனிஃபார்மில் வந்த தனுஷுக்கு வயசு 28, ஸ்ருதி ஹாசனுக்கு 26. ஆனா அதே தனுஷ் 'துள்ளுவதோ இளமை' (2002) வந்தப்போ நிஜமாவே 18. எலும்பும் தோலுமா, அந்த வயசுப் பையன் எப்படி இருப்பானோ அப்படியே இருந்தார். நாம என்ன பண்ணினோம்? "இவனெல்லாம் ஹீரோவா"ன்னு சிரிச்சோம். நானும் சிரிச்சேன், மறைக்க விரும்பல.

தலைகீழாவும் நடந்திருக்கு. 'மூன்று முடிச்சு' (1976) வந்தப்போ ஸ்ரீதேவிக்கு 13 வயசு. கல்யாணமாகி, தன்னைவிட மூத்த ரஜினிக்குச் சித்தியா வர்ற பாத்திரம். ஆம்பளைக்கு 28-லும் பள்ளிச் சீருடை, பொம்பளைப் பிள்ளைக்கு 13-லேயே புடவை. எட்டாம் வகுப்பு படிக்க வேண்டிய குழந்தைன்னு தியேட்டரில் எத்தனை பேருக்குத் தோணியிருக்கும்?

சரி, இதெல்லாம் சினிமாக்காரங்க சௌகரியம், எனக்கென்னன்னு கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அது தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது வேற ஒரு பையன்.

சில வருஷம் முன்னாடி. 14 வயசு. வகுப்பிலேயே குட்டை, ஒல்லி. அப்பா கூட வந்தான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தாங்க. உயரம் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெத் வெச்சேன், "வயசு வந்தா தானா வளருவே, போடா"ன்னு தோளில் தட்டி அனுப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். மருத்துவரீதியா நான் சொன்னது தப்பில்ல. ஆனா அவன் எதுக்காகப் பயந்து வந்தான்னு கேட்கவே இல்ல.

ஒன்றரை வருஷம் கழிச்சு வந்தான். கதவைத் திறந்து உள்ளே வந்தவனை எனக்கு அடையாளமே தெரியல. அகலமான தோள், அடர்த்தியான மீசை, முதுகு பூரா பெரிய பெரிய பரு. ஜிம்மில் ஒரு அண்ணன் 'பவர் ஊசி'ன்னு போட்டு விட்டிருக்கார். டெஸ்டோஸ்டிரோன். ஃபோனில் ஒரு ஹாலிவுட் 'ஸ்கூல் பையன்' படத்தை வெச்சுக்கிட்டு, "இது மாதிரி ஆகணும்ணா"ன்னு போய் நின்னிருக்கான்.

மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுத்தேன். எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டுன்னு ஒண்ணு இருக்கும், அது திறந்திருக்கிற வரைக்கும்தான் உயரம் கூடும். வெளியிலிருந்து போற ஆண் ஹார்மோன்ல ஒரு பகுதி உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறி அந்தத் தட்டைச் சீக்கிரமே மூடிடும். அவனுக்குக் கிட்டத்தட்ட மூடியிருந்தது. வெளியிலிருந்து வருதேன்னு உடம்பு சொந்த உற்பத்தியை நிறுத்தினதில் விதைகளும் சிறுத்திருந்தன. அது ஊசியை நிறுத்தினா மெல்ல மெல்லத் திரும்ப வாய்ப்பு இருக்கு. உயரம் திரும்பாது. அவன் 159 சென்டிமீட்டர், அப்பா 175.

"இன்னும் எவ்வளவு வளருவான் டாக்டர்?"னு அப்பா கேட்டார். ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்னு சொன்னேன். அவர் பதில் பேசல. பையனுக்குச் செருப்பு மாட்டி விடக் குனிஞ்சார். பதினஞ்சு வயசுப் பையன், அவனே மாட்டிக்குவான். அவருக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போல.

அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு டீனேஜ் பிள்ளையையும் ஒரு அஞ்சு நிமிஷம் தனியா உட்கார வெச்சுப் பேசறேன். நான் பேசுறது இதுதான், உங்களுக்கும் சொல்றேன்.

பையன்களுக்குப் பருவமாற்றம் விதை பெரிசாகிறதில் ஆரம்பிக்கும். 9 வயசிலும் தொடங்கலாம், 14 வயசிலும் தொடங்கலாம். ஒரே பெஞ்சில் மீசை வெச்ச மாமா மாதிரி ஒருத்தனும் குழந்தை மாதிரி ஒருத்தனும் உட்கார்ந்திருப்பாங்க, ரெண்டு பேருமே நார்மல். முகமுடி முதல்ல மேல் உதட்டு ஓரத்தில் வரும், அப்புறம் கன்னம், தாடை கடைசி. முழுத் தாடி 20 வயசுக்கு மேல வந்தாலும் சரிதான். தோள், கழுத்து, தாடை எல்லாம் திரண்டு வர்றது உயரம் கூடி முடிஞ்ச பிறகு. நீங்க திரையில் பார்க்கிற அந்த உடம்பு இந்த எல்லாப் படியையும் தாண்டினவரோடது. அதுக்கு மேல ட்ரெயினர், மேக்கப், லைட்டிங்.

பொண்ணுங்களுக்கு இந்த வயசில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேரணும், அது வளர்ச்சியோட ஒரு பகுதி. வயசுக்கு வந்த முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் மாதவிடாய் முன்னப் பின்ன வரலாம். 25 வயசு நடிகையோட இடுப்பைப் பார்த்துட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துற பதிமூணு வயசுப் பொண்ணுங்க என் ஓ.பி.க்கு வர்றாங்க. மயக்கம் போட்ட பிறகுதான் வர்றாங்க.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்? பையனுக்கு 14 முடிஞ்சும் எந்த மாற்றமும் ஆரம்பிக்கலன்னா. பொண்ணுக்கு 13 முடிஞ்சும் மார்பக வளர்ச்சி ஆரம்பிக்கலன்னா, 15 வரைக்கும் வயசுக்கு வரலன்னா. மத்தபடி ஆன்லைன் பாட்டில், ஜிம் ஊசி, பக்கத்து வீட்டு யோசனை எதுவும் வேண்டாம்.

நிஜ வயசில் நடிக்க வெச்சா படம் ஓடாதுன்னு சொல்றவங்க 'அடோலசென்ஸ்' (2025) பாருங்க. 13 வயசுப் பையனா நடிச்ச ஓவன் கூப்பருக்குப் படப்பிடிப்பின்போது 14 வயசு. முதல் காட்சியில் போலீஸ் கதவை உடைச்சுட்டு வரும்போது படுக்கையில் அவன் எவ்வளவு சின்னதா இருக்கான்னு பார்த்தீங்களா? அந்த இடத்தில் 24 வயசு ஆளைப் போட்டிருந்தா அது சாதாரண போலீஸ் கதை. அவருக்கு 15 வயசிலேயே எம்மி விருதும் கிடைச்சது.

மினாக்ஸிடில் பையனுக்கு வருவோம். பரிசோதிச்சேன். பருவமாற்றம் ஆரம்பிச்சிருந்தது, ரொம்ப மெதுவா. எலும்பு வயசு 13. அம்மாவைக் கூப்பிட்டு வீட்டில் யாராவது இப்படி லேட்டா வளர்ந்தாங்களான்னு கேட்டேன். "இவங்க அப்பா காலேஜ் போய்த்தான் வளர்ந்தாராம்"னு சொன்னாங்க. விடை அதிலேயே இருக்கு. நானும் அந்தக் கட்சிதான்னு அவன்கிட்ட சொன்னேன். பிரேயரில் உயரப்படி நிக்க வைப்பாங்க இல்லையா, பிளஸ் ஒன் வரைக்கும் வரிசையில் முதல் ஆள் நான். முதல் ஷேவ் மெடிக்கல் காலேஜில். அவன் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தான். நம்பின மாதிரி தெரியல.

பாட்டிலை என்கிட்டயே விட்டுட்டுப் போகச் சொன்னேன். தோல் எரிச்சலுக்கு ஒரு களிம்பு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உயரம் அளக்க வரணும், அவ்வளவுதான் சிகிச்சை.

இதுவரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டான். முதல் தடவை 3 சென்டிமீட்டர், போன வாரம் 5. குரல் கரகரன்னு ஆயிடுச்சு, மேல் உதட்டு ஓரத்தில் லேசா பூனைமுடி. ஒவ்வொரு தடவையும் உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு நடிகர் பேரும் வயசும் சொல்லிட்டுத்தான் உட்கார்றான். போன வாரம் சொன்னது ஸ்டாக்கர்ட் சானிங். அந்த 33 அவன் கண்டுபிடிச்சதுதான். அம்மா பக்கத்திலிருந்து, "இதையெல்லாம் தேடுறான், சயின்ஸ்ல 41 மார்க்கு டாக்டர்"னாங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா.